பேச்சு வராத பிள்ளைக்கு எந்தத் தெரபி நல்லது?

ஈரோட்டிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகனுக்கு 2 வயது 8 மாதம். ‘அம்மா’, ‘தா’, ‘கா’ என்று நாலைந்து சொற்களோடு பேச்சு நின்றுவிட்டது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எப்போதாவதுதான் திரும்புகிறான். வேண்டியதைக் காட்ட விரல் நீட்டுவதில்லை. நம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஃபிரிட்ஜ் முன்னால் நிறுத்துகிறான். கார் பொம்மையைக் கவிழ்த்துப் போட்டு சக்கரத்தை மட்டும் சுற்றிக்கொண்டிருக்கிறான். மாமியாரோ, “அவன் அப்பனே நாலு வயசுலதான் வாயைத் திறந்தான்” என்கிறார். போய்ப் பார்த்த மையத்தில் பேச்சுப் பயிற்சி, ஓ.டி., சென்சரி, ஏ.பி.ஏ. என்று நான்கையும் சேர்த்து வாரம் 5 நாள் வரச் சொல்கிறார்கள். பெற்றோர் வெளியே உட்கார வேண்டுமாம். இதில் எது நல்லது, நகையை அடகு வைத்தாவது எல்லாவற்றையும் செய்துவிடலாமா என்பது அவர் கேள்வி.

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான்கில் எது என்பதைவிட, அந்த அறைக்குள் நடப்பது உங்கள் வீட்டுக்கு வந்து சேர்கிறதா என்பதுதான் பெரிய கேள்வி. பெற்றோரை வெளியே உட்கார வைக்கும் மையம் எவ்வளவு பெயர் வாங்கியதாக இருந்தாலும் அங்கே சேர்க்காதீர்கள். 20 வருடமாகப் பேச்சுப் பயிற்சியாளராக வேலை பார்த்த பிறகு இதைச் சொல்கிறேன். நகை பெட்டியிலேயே இருக்கட்டும்.

எந்தத் தெரபிக்கும் முன்னால் காதைப் பார்க்க வேண்டும். “டி.வி.யில் விளம்பரம் வந்தால் அடுத்த அறையிலிருந்து ஓடி வருகிறான், காது நன்றாகத்தான் கேட்கிறது” என்று நிறையப் பேர் சொல்வார்கள். அது போதாது. தாழ்ந்த ஒலிகள் கேட்டு, ‘ச’, ‘ஸ’ போன்ற உயர்ந்த, மெல்லிய ஒலிகள் மட்டும் கேட்காத குழந்தைகள் உண்டு. அடிக்கடி சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்துக்கொண்டு, தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல் மங்கலாகக் கேட்கும் குழந்தைகளும் உண்டு. ஓ.ஏ.இ., பெரா என்ற இரண்டு காதுப் பரிசோதனைகளையும் கேட்டு வாங்கி எடுத்துவிடுங்கள். பெரா, குழந்தை தூங்கும்போது எடுப்பது, வலிக்காது. கேட்கும் திறனில் குறை இருப்பது தெரிந்தால் பாதையே வேறு. அப்போது காலம் மிக முக்கியம். காதுக்குள் கேட்கும் கருவி பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவை சிகிச்சை முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உண்டு, ஆனால் அதற்கு வயது வரம்பும் உண்டு.

மாமியார் சொல்வதை நான் ஒரேயடியாகத் தள்ள மாட்டேன். தாமதமாகப் பேசத் தொடங்கி, பிறகு எல்லோரையும் எட்டிப் பிடித்துவிடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் அவர்களை உற்றுப் பார்த்தால் ஒன்று தெரியும். நாம் சொல்வது அவர்களுக்குப் புரியும். மதில்மேல் காக்கா வந்தால் விரல் நீட்டிக் காட்டுவார்கள். காட்டிவிட்டு, நாம் பார்த்தோமா என்று நம் முகத்தைத் திரும்பிப் பார்ப்பார்கள். வாய்ச்சொல் மட்டும்தான் பாக்கி. உங்கள் மகனிடம் விரல் நீட்டுவது இல்லை, பெயருக்குத் திரும்புவது குறைவு, நம் கையை ஒரு கருவிபோல் பயன்படுத்துகிறான். மூன்றும் சேர்ந்திருக்கும்போது நாலு வயது வரை பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்கக் கூடாது. வசம்பை உரசி நாக்கில் தடவச் சொல்வார்கள், அடிநாக்கு ஒட்டியிருக்கிறது, வெட்டிவிட்டால் பேசிவிடுவான் என்பார்கள். அடிநாக்கு ஒட்டியிருப்பதால் ஒரு பிள்ளை விரல் நீட்டாமல் போகாது. இதை மட்டும் யோசித்துப் பார்த்தாலே போதும்.

இது ஆட்டிசமா என்று கடிதத்தைப் படித்து நான் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. குழந்தைகள் வளர்ச்சி மருத்துவரோ, மருத்துவ உளவியலாளரோ நேரில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இணையத்தில் எல்லோரும் நிரப்பிப் பார்க்கும் எம்-சாட் கேள்விப் பட்டியல் 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கானது. உங்கள் மகன் அந்த வயதைத் தாண்டிவிட்டான். அதனால் அதன் மதிப்பெண்ணைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதி அடையவும் வேண்டாம். 2 முதல் 9 வயது வரையுள்ள பிள்ளைகளுக்காக இந்தியாவிலேயே உருவாக்கிய ஐ.என்.டி.டி. போன்ற கருவிகள் இருக்கின்றன; பார்ப்பவர் அவற்றைப் பயன்படுத்துவார். இது இன்னதுதான் என்று பெயர் சொல்ல மாதக்கணக்கில் ஆகலாம். பயிற்சியைத் தொடங்க அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

இப்போது அந்த நான்குக்கு வருகிறேன்.

பேச்சுப் பயிற்சி என்றால் நாக்கையும் உதட்டையும் பழக்குவது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. மெழுகுவத்தி ஊதச் சொல்வது, பீப்பி ஊத வைப்பது, நாக்கில் பிரஷ் வைத்துத் தேய்ப்பது எல்லாம் நடக்கின்றன. இவற்றால் பேச்சு வரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஊதும்போது தசைகள் இயங்கும் விதம் வேறு, பேசும்போது இயங்கும் விதம் வேறு. உங்கள் மகனுக்கு முதலில் வர வேண்டியது சொல்லே கிடையாது. ஒரே பொருளை இருவரும் சேர்ந்து பார்ப்பது, நீ ஒரு முறை நான் ஒரு முறை என்று மாற்றி மாற்றி விளையாடுவது, கையை நீட்டிக் கேட்பது, ‘டாட்டா’ காட்டுவது ஆகியவை முதலில் வர வேண்டும். நல்ல பேச்சுப் பயிற்சியாளர் முதல் சில வாரங்கள் தரையில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருப்பதுபோல்தான் தெரியும். “காசு வாங்கிக்கொண்டு விளையாடுகிறார்களே” என்று நினைத்துவிடாதீர்கள்.

ஓ.டி. எனப்படும் ஆக்குபேஷனல் தெரபி அன்றாட வேலைகளுக்கானது: தானே சாப்பிடுவது, சட்டை மாட்டுவது, கழிப்பறைப் பழக்கம், ஓரிடத்தில் உட்கார்வது. அவனுக்கு இவற்றில் சிரமம் இருந்தால் பயன் உண்டு. சென்சரி என்று தனியாகக் காசு வாங்குகிறார்களே, அது ஓ.டி.யின் ஒரு கிளை. ஜீன் அயர்ஸ் என்ற அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் 1960, 70களில் வகுத்த கருத்தின் மேல் நிற்பது. ஊஞ்சல், மெத்தை, பந்துக் குளம், உடம்பைப் பிரஷால் வருடுவது என்று அறையே கண்ணைப் பறிக்கும். மிக்ஸி சத்தத்துக்குக் காதைப் பொத்தும் பிள்ளைகளும், தலையில் எண்ணெய் வைக்க விடாத பிள்ளைகளும் உண்மையிலேயே அவஸ்தைப்படுகிறார்கள். அதைப் புரிந்துகொள்ள இந்தப் பார்வை உதவியது. ஆனால் ஊஞ்சலில் ஆட்டினால் பேச்சு வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2012-லேயே இதற்கான ஆய்வுகள் போதாது, இலக்கு ஒன்றை வைத்து, குறிப்பிட்ட காலம் பார்த்து, பயன் இருக்கிறதா என்று முடிவு செய்யுங்கள் என்று சொல்லிவிட்டது.

ஏ.பி.ஏ. என்பது பாராட்டும் பரிசும் கொடுத்து நடத்தையைப் படிப்படியாகப் பழக்கும் பயிற்சி. அதைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். மையங்கள் அதிக மணி நேரம் கேட்பதற்கான வேர் அங்கேதான் இருக்கிறது. ஐவர் லோவாஸ் என்ற உளவியலாளர் லாஸ் ஏஞ்சலஸில் ஆட்டிசம் உள்ள 19 குழந்தைகளுக்கு வாரம் 40 மணி நேரம், 2 வருடத்துக்கும் மேல் பயிற்சி கொடுத்து, அவர்களில் 9 பேர் மற்ற பிள்ளைகள்போல் பள்ளிக்குப் போனார்கள் என்று 1987-ல் எழுதினார். உலகமே அதைப் பிடித்துக்கொண்டது. ஆனால் அந்த ஆய்வில் யாருக்கு இந்தப் பயிற்சி என்று குழந்தைகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரிக்கவில்லை; அதனால் பலன் முழுக்கப் பயிற்சியால்தான் என்று சொல்லிவிட முடியாது. தவறு செய்த பிள்ளையை அதட்டுவதும் தொடையில் அடிப்பதும் பயிற்சியில் இருந்தன. பிற்காலத்தில் வளர்ந்து பேசத் தொடங்கிய ஆட்டிசம் உள்ளவர்கள் பலர், கண்ணைப் பார், கையை ஆட்டாதே என்று பிழிந்தெடுத்தது தங்களுக்குள் காயமாகத் தங்கிவிட்டது என்று எழுதியிருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை நான் மிகவும் மதிக்கிறேன்.

அதற்குப் பிறகு இந்தத் துறை நிறைய மாறியிருக்கிறது. மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து, “சிவப்பைத் தொடு”, சரி, ஒரு சாக்லேட் என்று நடத்தும் முறையிலிருந்து, குழந்தை எதை விரும்பி எடுக்கிறதோ அதைப் பிடித்துக்கொண்டு விளையாட்டுக்குள்ளேயே கற்றுக்கொடுக்கும் முறைகளுக்கு வந்திருக்கிறார்கள். டென்வர் முறை அவற்றில் பெயர் பெற்றது. 2010-ல் சியாட்டிலில் 48 குழந்தைகளிடம் செய்த ஆய்வில் அறிவுத் திறனிலும் மொழியிலும் முன்னேற்றம் தெரிந்தது. உங்கள் ஊர் மையம் ஏ.பி.ஏ. என்று சொன்னால் போய் ஒரு வகுப்பைக் கண்ணால் பாருங்கள். பிள்ளை சிரிக்கிறானா? ‘வேண்டாம்’ என்று அவன் காட்டினால் மதிக்கிறார்களா? பெயர்ப் பலகை எதுவானாலும் இந்த இரண்டையும் பார்த்தால் தெரிந்துவிடும்.

இனி வீட்டுக்கு வருவோம். உங்கள் மகன் ஒரு நாளில் ஏறத்தாழ 12 மணி நேரம் விழித்திருப்பான், வாரத்துக்கு 84 மணி நேரம். முக்கால் மணி நேர வகுப்பு வாரம் 3 என்றால் இரண்டே கால் மணி நேரம். மிச்சமுள்ள நேரமெல்லாம் உங்களோடும் பாட்டியோடும் அப்பாவோடும் போகிறது. அந்த இரண்டே கால் மணி நேரத்தில் நான் என்ன வித்தை செய்தாலும், மிச்ச நேரத்தில் அது தொடராவிட்டால் கரைந்துபோகும்.

இதை நான் ஒரு பிள்ளையிடம்தான் கற்றுக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிது. நான் இருந்த மையத்திலும் கதவைச் சாத்திவிடுவோம். மூன்று வயதுப் பையன் ஒருவன் படம் காட்டினால் ‘பந்து’, ‘பூ’, ‘பால்’ என்று 14 சொல் சொல்வான். எனக்கு அவ்வளவு பெருமை. ஒருநாள் அவன் அம்மாவிடம் நோட்டைக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் அந்தப் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தார். “வீட்டில் பால் வேணும்னா இன்னும் அழத்தான் செய்றான் மேடம்” என்றார். அட்டையில் இருந்த பாலும் டம்ளரில் இருந்த பாலும் அவனுக்கு வேறு வேறாக இருந்திருக்கின்றன. மறுவாரம் அந்த அம்மாவையே டம்ளரோடு உள்ளே வரச் சொன்னேன். அன்றிலிருந்து நான் கதவைச் சாத்தியதில்லை.

அதனால் நாளை காலையிலேயே வீட்டில் தொடங்கக்கூடிய ஒன்றை எழுதுகிறேன். பருப்புக் கடையும் விளையாட்டு உங்களுக்குத் தெரியும். அவனுடைய உள்ளங்கையை விரித்து முழங்கையால் கடையுங்கள், அம்மாவுக்குக் கொஞ்சம், அப்பாவுக்குக் கொஞ்சம் என்று விரல் விரலாகப் பங்கு வையுங்கள், பிறகு நண்டு ஊர்கிறது, நரி ஊர்கிறது என்று விரல்களை மேலே ஓட்டிக்கொண்டு போய்க் கக்கத்தில் கிச்சுக்கிச்சு மூட்டுங்கள். ஒரே மாதிரி நாலைந்து முறை செய்யுங்கள். அவனுக்கு அடுத்து என்ன வரும் என்று தெரிந்துவிடும். ஆறாவது முறை முழங்கை வரை விரல்களைக் கொண்டுபோய் அங்கேயே நிறுத்துங்கள். பேசாதீர்கள். ‘சொல்லு, சொல்லு’ என்று கேட்காதீர்கள். முகத்தில் ஆவலை வைத்துக்கொண்டு மனதுக்குள் 10 எண்ணுங்கள். 10 எண்ணுவது மிக நீண்ட நேரமாகத் தெரியும். பெரும்பாலான அம்மாக்கள் மூன்றிலேயே பேசிவிடுகிறார்கள். அந்த மௌனத்தில் அவன் ஏதாவது செய்வான். உடம்பை ஒரு ஆட்டு ஆட்டுவான், உங்கள் விரலைப் பிடித்து மேலே இழுப்பான், ஒரு கணம் உங்கள் கண்ணைப் பார்ப்பான், ‘ம்’ என்பான். எது வந்தாலும் அது அவன் உங்களிடம் பேசியதுதான். உடனே கக்கம் வரை ஓட்டிவிடுங்கள். நான் ஒன்று செய்தால் அம்மா பதில் செய்கிறாள் என்ற அந்தக் கண்டுபிடிப்பிலிருந்துதான் சொல் முளைக்கிறது.

இதையே சாப்பாட்டிலும் செய்யலாம். முறுக்கை மூடி இறுக்கமான கண்ணாடி டப்பாவில் போட்டு அவன் கண்ணில் படும்படி வையுங்கள். கையைப் பிடித்து இழுத்து வருவான். டப்பாவை அவன் கையிலேயே கொடுங்கள். திறக்க முடியாமல் உங்களிடம் நீட்டும்போது, “தொற” என்று ஒரே ஒரு சொல் சொல்லித் திறந்து கொடுங்கள். நீளமான வாக்கியம் வேண்டாம், சோதனைக் கேள்விகளும் வேண்டாம். ‘இது என்ன, அது என்ன கலர்’ என்று நாளெல்லாம் பரீட்சை வைப்பது பேச்சை வளர்ப்பதில்லை. அவன் பார்க்கும் பொருளை நீங்களும் பார்த்து அதன் பெயரைச் சொல்லுங்கள். சக்கரத்தைச் சுற்றுகிறானா, நீங்களும் இன்னொரு காரைக் கவிழ்த்துப் போட்டு எதிரே படுத்துச் சுற்றுங்கள். திடீரென்று நிறுத்தி, அவன் நிமிர்ந்து பார்க்கும்போது “சுத்து” என்று மறுபடியும் சுற்றுங்கள்.

பெற்றோர் கையில் கொடுத்தால் பலிக்குமா என்ற சந்தேகம் நியாயமானது. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் ஆட்டிசம் உள்ள 65 குழந்தைகளிடம் இதைச் சோதித்துப் பார்த்து 2016-ல் வெளியிட்டார்கள். பாஸ் என்பது அந்தத் திட்டத்தின் பெயர். அங்கே பயிற்சி கொடுத்தவர்கள் பெரிய பட்டம் படித்தவர்கள் இல்லை, பழக்கப்பட்ட சாதாரண சுகாதாரப் பணியாளர்கள். 6 மாதத்தில் 12 சந்திப்புகள். அம்மாவும் பிள்ளையும் விளையாடுவதை வீடியோ எடுத்து, பணியாளரும் அம்மாவும் உட்கார்ந்து அதைப் போட்டுப் பார்த்து, ‘இதோ இங்கே அவன் உங்களைப் பார்த்தான், கவனித்தீர்களா?’ என்று காட்டுவதுதான் வேலையே. பிள்ளைகள் தாங்களாகவே முதலில் அம்மாவிடம் ஏதாவது காட்டவோ கேட்கவோ தொடங்குவது கூடியிருந்தது. உங்கள் போனிலும் 5 நிமிடம் எடுத்துப் பாருங்கள். செய்யும்போது தெரியாதது பார்க்கும்போது தெரியும்.

நம் மாநிலத்திலேயே இந்த வழியில் போகிறவர்கள் இருக்கிறார்கள். தென்காசி பக்கம் ஆய்க்குடியில் 1981-ல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கத்தின் பணியாளர்கள் கிராமங்களில் வீடு தேடிப் போய், பெற்றோரோடு உட்கார்ந்து, அந்த வீட்டில் இருக்கும் சாமான்களை வைத்தே கற்றுக்கொடுக்கிறார்கள்.

மொழி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சீக்கிரமே யாராவது சொல்வார்கள்: “வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள், ஒரே மொழி என்றால் குழப்பம் வராது, நாளைக்கு ஸ்கூலுக்கும் ஆகும்.” தயவுசெய்து செய்யாதீர்கள். இரண்டு மொழி காதில் விழுவதால் ஆட்டிசமோ டவுன் சிண்ட்ரோமோ உள்ள பிள்ளைகளுக்குத் தாமதம் கூடுவதில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. நீங்கள் கொஞ்சுவதும் கோபப்படுவதும் தாலாட்டுவதும் தமிழில். பாட்டிக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். வீட்டில் தமிழ் நின்றால் அந்தப் பிள்ளைக்குப் பாட்டியே இல்லாமல் போகிறாள். ‘கம்’, ‘சிட்’, ‘கிவ்’ என்று உத்தரவுச் சொற்கள் மட்டுமே கேட்டு வளரும் பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

படங்களைக் காட்டிக் கேட்கப் பழக்கினாலோ, ஆப் கொடுத்தாலோ பேசவே மாட்டான் என்ற பயமும் தேவையில்லை. 2006-ல் வந்த ஒரு தொகுப்பாய்வில், இப்படி வேறு வழியில் பேசப் பழகியவர்களில் ஒருவருக்குக்கூடப் பேச்சு குறையவில்லை, பெரும்பாலோருக்குக் கூடியிருந்தது. சென்னையில் உருவான ஆவாஸ் செயலி தமிழிலும் பேசும். முதலில் அச்சிட்ட நாலு படம் போதும்: பால், வெளியே, போதும், இன்னும்.

செலவழிக்கக் கூடாத இடங்களையும் சொல்லிவிடுகிறேன். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் என்று லட்சக்கணக்கில் கேட்பார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைப்படி, ஆய்வுக்கு வெளியே அதைச் சிகிச்சையாக விற்பதே முறையல்ல. ரத்தத்திலிருந்து உலோகம் எடுக்கிறோம் என்ற கீலேஷன் உயிருக்கே ஆபத்து. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 2005-ல் 5 வயதுச் சிறுவன் அந்தச் சிகிச்சையின்போதே இறந்தான். அழுத்த ஆக்ஸிஜன் அறையும் வேண்டாம்.

அரசு வழிகளை முதலில் பயன்படுத்துங்கள். 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் வளர்ச்சித் தாமதத்தைச் சீக்கிரமே கண்டு உதவும் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டுச் சேவை மையங்கள் (டி.இ.ஐ.சி.) இருக்கின்றன, அரசு மருத்துவக் கல்லூரி அல்லது தலைமை மருத்துவமனை வளாகத்தில். 18 வயது வரை இலவசம். அங்கன்வாடியிலும் கேட்கலாம். முழு மதிப்பீடு ஒரே இடத்தில் வேண்டுமென்றால் சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் உள்ள, மாற்றுத்திறனாளிகளுக்கான நிப்மெட் தேசிய நிறுவனத்துக்கு ஒருமுறை போய்வருவது வீண்போகாது. பின்னால் ஆட்டிசம் என்று உறுதியானால், 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் அது ஒன்று. யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எடுத்தால் தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் 1 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு, தெரபிச் செலவும் அதில் வரும். அட்டை எடுத்தால் பிள்ளைமேல் முத்திரை விழுந்துவிடும் என்று தள்ளிப்போடும் குடும்பங்கள் பல; அது அவனுக்குச் சேர வேண்டிய உரிமை.

தனியார் மையத்துக்குப் போவதாக இருந்தால் பேச்சுப் பயிற்சியாளரிடமும் சிறப்பாசிரியரிடமும் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வுக் குழுமம்) பதிவு எண் கேளுங்கள். ஓ.டி. அந்தப் பட்டியலில் வராது. அவர் அந்தப் படிப்பில் பட்டம் வாங்கியவரா என்று கேளுங்கள். 3 மாதத்தில் என்ன மாற வேண்டும் என்று எழுதி வாங்குங்கள், அதுவும் கண்ணால் பார்க்கக்கூடிய மாற்றமாக: ‘கவனம் கூடும்’ என்று இல்லாமல், ‘வேண்டியதை ஒரு நாளில் 5 முறையாவது கை நீட்டியோ படம் காட்டியோ கேட்பான்’ என்று. வகுப்பின் கடைசி 10 நிமிடமாவது நீங்கள் விளையாட, அவர் பக்கத்தில் இருந்து திருத்த வேண்டும். இப்போதைக்கு வாரம் 2 வகுப்பு போதும் என்பது என் கணிப்பு. 5 நாளும் ஆட்டோவில் ஏற்றி இறக்கிக் களைத்துப்போன பிள்ளைக்கும் அம்மாவுக்கும் வீட்டில் விளையாடத் தெம்பிருக்காது.

இதையெல்லாம் நீங்கள் ஒருவரே தூக்கிச் சுமக்க வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. நாள் முழுக்கத் தெரபி செய்யும் அம்மாவாக மாறிவிடாதீர்கள். அவனுக்கு அம்மா வேண்டும். குளிக்கும்போது 10 நிமிடம் அப்பா, சாப்பாட்டு நேரத்தில் நீங்கள், சாயங்காலம் பருப்புக் கடைய மாமியார். அவருக்கு அந்த விளையாட்டு உங்களைவிட நன்றாகத் தெரியும். ‘பேரனுக்குப் பேச்சு வர நீங்கதான் அத்தை உதவணும்’ என்று சொல்லிப் பாருங்கள். நாலு வயது வரை காத்திருக்கச் சொன்னவர் நாளைக்கே தொடங்கிவிடுவார்.

காதுப் பரிசோதனை முடிந்ததும் மறுபடி எழுதுங்கள். பெரா முடிவோடு இன்னொன்றும் எழுதுங்கள்: விரல் முழங்கையில் நின்றபோது அவன் என்ன செய்தான் என்று.